கோவ நடைக்கு வெச்ச சென்சார்

உங்களுக்கும் சாப்புட்டதுக்கு அப்பறம் எடுக்கற ரத்தந்தானுங்களா தம்பி? அப்ப உக்காருங்க, உக்காருங்க. இன்னும் நேரங் கெடக்குது. இந்த லேப்ல இது ஒரு கொடுமைங்க. வெறும் வயித்துல ஒருக்கா குத்துவாங்க, போய் இட்லி தின்னுட்டு வந்து சும்மா உக்காருன்னுவாங்க, மறுக்கா குத்துவாங்க. எனக்குச் சக்கரை எல்லாம் இல்லீங்க. டாக்டரம்மாவோட மெஷின்ல ஒரு சின்னக் கோளாறு, அதுக்கோசரம் வந்தேன். அதைப் பொறவு சொல்றனுங்க.

மொதல்ல அந்தக் கண்ணாடிக்கு வெளியில பாருங்க. பச்சைச் சேலை. போறாளுங்களா? அது என்ற ஊட்டுக்காரி, கலாமணி. காம்பவுண்டுக்குள்ள நடந்துட்டு இருக்கறா. இப்பத் திரும்பி வருவா பாருங்க. வந்தாலும் இந்தப்பக்கம் பார்க்க மாட்டா. என்ற கூடப் பேச்சு இல்லீங்க. ஒரு மாசத்துக்கு மேலயே இருக்கும்.

நீங்களே சொல்லுங்க தம்பி. பொண்டாட்டிக்காக வண்டியோட த்ராட்டில் சென்சாரையே திருப்பி வெச்ச மனுசன் இந்த உடுமலையில வேற எவனாச்சும் உண்டுங்களா? பொண்டாட்டிக்கு நகை வாங்கித் தர்றவன் இருப்பான். சேலை எடுத்துத் தர்றவன் இருப்பான். சென்சார்? அந்த ஆளுகிட்டப் போய் மொகத்தைத் திருப்பிக்கறா. எனக்கா, கோவமே வராதுங்க. என்ற சுபாவம் அப்படி.

ஆரம்பம் என்னன்னா, ரேசன் கடைக்கு முன்னால ஒரு நாள் இவ மயக்கம் போட்டு உழுந்துட்டாளுங்க. நான் மண்டியில இருந்தேன். தேங்காய் மண்டி நாச்சிமுத்துன்னா ஊர்ல எல்லாருக்கும் தெரியுமுங்க, இப்ப பையன் பார்க்கறான். போன் வந்துச்சு. நான் போய்ச் சேர்றதுக்குள்ள ஆரோ தண்ணி தெளிச்சு, ஆரோட மடியிலயோ தலை வெச்சுப் படுத்திருந்தா. ஒரு செருப்பு ரோட்டுல கெடந்துச்சு. அந்த ஒத்தைச் செருப்பைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. டாக்டரம்மா பார்த்துட்டு, சக்கரை கண்டமேனிக்கு நிக்குது, மாத்திரையோட தெனமும் நடக்கணும்னு சொல்லிப்போட்டாங்க. நான் அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். இனி இவளைத் தனியா உடறதில்லை.

நடந்து போலாமேன்னு கேக்கறீங்க. கேக்கல, ஆனா உங்க மொகம் கேக்குது. தம்பி, நான் நடக்க முடியாதுங்க. காலெல்லாம் நல்லாத்தான் இருக்குது. ஊருதான் உடாது. ஒருக்கா வண்டி பஞ்சராகி மண்டியில இருந்து ஊட்டுக்கு நடந்து வந்தேன். நாலு தெரு இருக்குமுங்க. டீக்கடைக்காரர் கேக்கறாரு, 'என்னுங்கண்ணா நடந்து போறீங்க, வண்டி எங்கீங்க?' சலூன்காரர் கத்தரிக்கோலோட வெளியில வந்து கேக்கறாரு, 'வண்டி எங்கீங்க?' பாத்திரக்கடைக்காரர் பக்கத்துல வந்து கொரலைத் தாழ்த்தி, 'யாவாரத்துல ஒண்ணும் கஷ்டம் இல்லீங்களே?'ங்கறாரு. ஊடு வந்து சேர்றதுக்குள்ள நான் திவாலான ஆளாயிட்டனுங்க. பொம்பளைங்க நடந்தா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. அவங்களுக்கு அந்தச் சவுகரியம் இருக்குது, நமக்கு இல்லை.

அதனால அவ நடப்பா, நான் பக்கத்துலயே வண்டியில வருவேன். வாய்க்கால் மேட்டுல காலையில நல்ல காத்து. சொல்லக் கேக்க எவ்வளவு நல்லா இருக்குது பாருங்க. ஆனா அந்த வண்டி இருக்குதே, பையன் ஆசையா வாங்கிக் குடுத்தது, இப்பத்திய மாடல், கார்பரேட்டர் கெடையாது. வேகமாப் போனா ராசா. மெதுவாப் போனா வெட்டி வெட்டி இழுக்குமுங்க. டக்குனு ஒரு குதி, அவளைத் தாண்டி முன்னால போயிருவேன். திருப்பிட்டு வருவேன். மறுபடி ஒரு குதி. இப்படி அவளைச் சுத்திச் சுத்தி வந்துட்டு இருந்தேன்.

எதுக்கால ஒருத்தர் வருவாரு. ஸ்கூட்டர்ல உக்காந்துட்டு நாயைச் சங்கிலியில புடிச்சு நடத்திட்டு வருவாரு. என்னைப் பார்த்தா தெனமும் தலையை ஆட்டுவாரு. ஒரே தொழில் பண்றவனைப் பார்த்தா ஆட்டுவாங்களே, அப்படி. நானும் மரியாதைக்கு ஆட்டுவேன். கலாமணி ரெண்டு பேரையும் பார்த்துட்டு நாயையும் ஒருக்கா பார்த்தா. அது எதுக்குன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு வெளங்கல.

அப்பறம் ஒரு நாள் காலேஜ் படிக்கற வயசுல ஒருத்தன், ஓடிட்டு இருந்தவன், நின்னுட்டானுங்க. என்னை ஒரு மாதிரி பார்த்துட்டு அவகிட்டப் போய், 'அம்மா, ரொம்ப நேரமா இந்த ஆளு உங்க பின்னாலயே வர்றாரு. தெரிஞ்சவருங்களா?'ன்னு கேக்கறான். தம்பி, இதை நல்லாக் கேளுங்க. அவ உடனே பதில் சொல்லலீங்க. யோசிக்கறா! என்னை ஏற எறங்கப் பார்த்து, வண்டியைப் பார்த்து, வாய்க்கால் தண்ணியைப் பார்த்து, யோசிச்சுப்போட்டு, 'தெரிஞ்சவருதான்'னாளுங்க. தெரிஞ்சவரு! பேரன் எடுத்தாச்சு, நான் தெரிஞ்சவரு! அன்னைக்கு முழுக்க நான் பச்சைத் தண்ணி குடிக்கல. கோவம் இல்லீங்க, சும்மா எறங்கல.

சரி, குத்தம் அவமேல இல்லை, வண்டிமேலதான்னு மனசைத் தேத்திக்கிட்டு குணசீலன்கிட்டப் போனேன். மெக்கானிக். பையன் கெட்டிக்காரன். டாக்டருங்க கொழாய் மாட்டிக்கற மாதிரி, கரண்ட் அளக்கற மல்டிமீட்டரைக் கழுத்துல மாட்டிட்டுத்தான் திரிவான். டீ குடிக்கறப்பக்கூடக் கழட்ட மாட்டான். அவன் சொன்னான், 'அண்ணா, நீங்க ஆக்சிலேட்டரை எவ்வளவு முறுக்குறீங்கன்னு வண்டியோட மூளைக்குச் சொல்றது இந்தச் சின்ன டப்பி. த்ராட்டில் சென்சார். இது பொய் சொல்லுது. நீங்க கையே வெக்கலை, இது முறுக்கிட்டாருன்னு சொல்லுது. மூளை அதை நம்பி பெட்ரோலை ஊத்துது, வண்டி குதிக்குது. ரெண்டு ஸ்க்ரூவை லூஸ் பண்ணி ஒரு மயிரிழை திருப்பி வெச்சாப் போதும். எந்த வேகத்துக்கு வேணும்?'

'கலாமணி வேகத்துக்கு'ன்னேன்.

'அது எத்தனைங்கண்ணா?'

பாருங்க, கட்டுன நாள்ல இருந்து கூட இருக்கறோம், அது எனக்குத் தெரியல. அவன் மல்டிமீட்டரைத் தடவிக்கிட்டே, 'அப்ப அக்காவைக் கூட்டிட்டு வாங்க. அளவு பார்க்காம எதையும் வெக்கக் கூடாது'ன்னான். நியாயந்தானுங்களே? ஜாக்கெட் தைக்கறவன் அளவு கேக்கறதில்லையா?

வொர்க் ஷாப்புக்கு வான்னா வருவாளா? கொத்தமல்லித் தழை வாங்கலாம்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனேன். மஞ்சப் பையோட வந்து நிக்கறா. குணசீலன் பணிவாத்தான் சொன்னான், 'அக்கா, ஒண்ணுமில்லீங்க, இங்கிருந்து அந்தக் கரண்ட் கம்பம் வரைக்கும் ஊட்டுல நடக்கறாப்புல நடந்து காட்டுங்க.' எதுத்தாப்புல டீக்கடை. பெஞ்சில இருந்தவங்க அத்தனை பேரும் டம்ளரோட திரும்பி உக்காந்துட்டாங்க. அவ அசையவே இல்லீங்க. செவந்து போச்சு மொகம். நான் வண்டி மேல உக்காந்திருக்கறேன், குணசீலன் வயரையும் மீட்டரையும் புடிச்சுட்டுக் குனிஞ்சு நிக்கறான், இவ மரமாட்ட நிக்கறா. நேரம் போகுது. நாந்தான் சகஜமாக்கலாம்னு ஒரு வார்த்தை சொன்னேன். 'இதென்ன பெரிய வித்தையா? உங்கண்ணன் தோட்டத்துல உனக்கு மோட்டார் சைக்கிளே பழக்கி உட்டாராமே, நடக்கப் பழக்கலையா?'ன்னேன்.

அந்தக் கதை உங்களுக்குத் தெரியாதே. இவளுக்கு ஒரு அண்ணன், காங்கேயத்துல. கல்யாணத்துக்கு முன்னால அந்த மனுசன் தன்ற வண்டியில இவளுக்குத் தோட்டத்துல ஓட்டப் பழக்கி உட்டிருக்கறாரு. கியரு வண்டி! பொம்பளப் புள்ளைக்கு! கல்யாணத்தப்ப இதைப் பெருமையா வேற சொன்னாரு. நான் அன்னையில இருந்து இவளை வண்டிச் சாவியைத் தொட உட்டதில்லீங்க, ஒரு பாதுகாப்புக்கு.

அண்ணன் பேச்சை எடுத்ததும் மஞ்சப் பையைச் சுருட்டிக் கக்கத்துல வெச்சா, நடந்தாளுங்க பாருங்க ஒரு நடை! நான் கிளட்ச்சை உட்டேன். குணசீலன் கூடவே ஓடறான், குனிஞ்சுக்கிட்டே, மீட்டரைப் பார்த்துக்கிட்டே. 'இதான், இதான் அண்ணா! புடிச்சுட்டேன்!'னு கத்தறான். ஓடற வண்டியிலயே அந்த டப்பியைத் திருப்பி ஸ்க்ரூவை முறுக்கிட்டானுங்க. கரண்ட் கம்பம் வந்துச்சு, அவ நிக்கல. டீக்கடை தாண்டுச்சு, நிக்கல. நேரா ஊட்டுக்கே போறா. நானும் பக்கத்துலயே போறேன். கை வெக்கல, கால் வெக்கல, ஒரு குதி இல்லை, ஒரு ஒதறல் இல்லை. தண்ணியில வாத்து போறாப்புலப் போகுது வண்டி. தம்பி, எங்க கல்யாண வாழ்க்கையில நாங்க ரெண்டு பேரும் அவ்வளவு ஒத்துமையாப் போனதே இல்லீங்க.

இதோ வர்றா பாருங்க. நடையைக் கவனிங்க. அதேதான்.

மறுநாள்தான் சிக்கல் தெரிஞ்சுது. வாய்க்கால் மேட்டுல அவ பாட்டுக்கு எப்பவும் போல மெதுவா நடக்கறா. வண்டி நிக்க மாட்டேங்குது, முன்னால போகுது. பிரேக் புடிச்சா ஆஃப் ஆயிருது. ஓடிப் போய்க் குணசீலன்கிட்டக் கேட்டா, மீட்டர் வெச்சுப் பார்த்துட்டு, 'செட்டிங் அப்படியே இருக்குதுண்ணா. அக்காதான் மாறிட்டாங்க'ங்கறான். அப்பத்தான் வெளங்குச்சு. அவன் வெச்சது அவளோட கோவ நடைக்கு.

திருப்பி வெய்யின்னேன். அந்த ஸ்க்ரூ அடிக்கடி தொட்டா மரை போயிரும், அப்பறம் சென்சாரே மாத்தணும்னு பயமுறுத்திட்டான். நான் யோசிச்சேன். வண்டியை மாத்த முடியாது. அப்ப எதை மாத்த முடியும்? நானே கண்டுபுடிச்சனுங்க, ஆரும் சொல்லித் தரலை. கெளம்பறப்ப வாசல்ல வெச்சே அண்ணனைப் பத்தி ஒரு வார்த்தை. அவ்வளவுதான். ரோடு ஏறுனதும் வண்டியும் அவளும் ஒரே கோட்டுல போவாங்க. அவ மூச்சுக் காத்து என்ற காதுல கேக்கும், அவ்வளவு பக்கத்துல.

ஆனா ஒரே விசயத்தைத் தெனமும் சொன்னா வேகம் கொறையுதுங்க. மாத்தி மாத்திச் சொல்லணும். ரசத்துல உப்புப் பத்தலைன்னா ஒண்ணும் வேலைக்கு ஆகாது, 'போட்டுக்குங்க'ன்னுட்டு மெதுவாத்தான் நடப்பா. மருமவ வெக்கற கொழம்பு இவளுதை உடத் தேவலைன்னு சொன்னா பாதி தூரம் தாங்கும். சீர் செஞ்சப்ப அண்ணன் குடுத்த பாத்திரம் பித்தளை இல்லை, முலாம்னு சொன்னா, போயிட்டுத் திரும்பி வர்ற வரைக்கும் கவலையே இல்லை. நான் ராத்திரி படுக்கறப்பவே நாளைக்கு எதைச் சொல்லலாம்னு யோசிச்சுட்டுத்தான் படுப்பேன். அவ ஒடம்புக்காக எவ்வளவு மெனக்கெட்டிருக்கறேன் பாருங்க.

ஒருக்கா மட்டும் தப்பிப் போச்சு. செத்துப்போன அவங்கம்மாவைப் பத்தி ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன்னு வேண்டாமுங்க. வண்டி சரியாத்தான் போயிட்டு இருந்துச்சு. பக்கத்துல பார்த்தா ஆளைக் காணோம். திருப்பிட்டு வந்தா மதகு மேல உக்காந்திருக்கறா. அழுவறா. சத்தமில்லாம, முந்தானையை வாயில வெச்சுக்கிட்டு. நான் என்ஜினைக்கூட ஆஃப் பண்ணாம நின்னுட்டு இருந்தேன். அதுல இருந்து அந்த விசயத்தை எடுக்கறதில்லீங்க. அதுக்குச் செட்டிங் ஒத்து வரலை.

அன்னைக்கோட என்ற கூடப் பேச்சை நிறுத்திப்போட்டா. ஆனா ஒரு ஆச்சரியம் பாருங்க, அதுக்கப்பறம் நான் ஒண்ணுமே சொல்ல வேண்டியதில்லை. தெனமும் அதே வேகம். வாசல்ல இருந்து வாசல் வரைக்கும். வண்டியும் சத்தம் போடறதில்லை, அவளும் சத்தம் போடறதில்லை. வாய்க்கால்ல தண்ணி போற சத்தம் மட்டுந்தான். முந்தியெல்லாம் வெண்டைக்கா வெலை சொல்லுவா, பேரன் சொன்னதைச் சொல்லுவா, எதுக்கால வர்ற பொம்பளையோட சேலையைப் பத்திச் சொல்லுவா. நான் காதுலயே வாங்க மாட்டேன். இப்பக் கேக்கலாம்னு இருந்தாச் சொல்றதுக்கு ஆளில்லை. வண்டி வெண்ணெயாட்டப் போகுது தம்பி. எனக்குத்தான் நல்லா இல்லீங்க.

காங்கேயத்துல கோயில் நோம்பியாம், திருவிழா. பை எடுத்து வெச்சிருக்கறா. எங்கிட்டச் சொல்லலை, எனக்குக் கேக்கறாப்புல மருமவகிட்டச் சொன்னா. நோம்பிக்கு நாலு சேலை போதாதுங்களா? நான் மெதுவாப் பீரோவைத் தொறந்து பார்த்தேன். என்ற வேட்டி சட்டை மட்டுந்தான் இருக்குது. போனா வருவாளான்னு தெரியலீங்க. அங்க போய் எங்கியாச்சும் உழுந்தான்னா, செருப்பு ஒரு பக்கம் ஆளு ஒரு பக்கமாக் கெடந்தான்னா, எனக்கு ஆரு போன் பண்ணுவாங்க? கேக்கறதுக்கு எனக்குத் துணிச்சல் இல்லை. போகாதேன்னு சொன்னா அவ ஒரு வேகத்துல போவா, போன்னு சொன்னா இன்னொரு வேகத்துல போவா.

அந்த மெஷின் விசயம் சொல்றேன்னேனே. போன வாரம் இவளைக் காட்டப் போயிருந்தோம். டாக்டரம்மா ரிசல்ட்டைப் பார்த்துட்டு ஆடிப் போயிட்டாங்க. 'எப்படிங்கம்மா இவ்வளவு எறங்குச்சு? என்ன பண்ணுனீங்க?' இவ வாயைத் தொறக்கலை. நாந்தான் சொன்னேன், 'எல்லாம் சென்சாருங்க மேடம்.' முழுசா வெளக்குனேன். டப்பி, ஸ்க்ரூ, அண்ணன், முலாம் பாத்திரம், எல்லாம். அந்தம்மா பேனாவைக் கீழ வெச்சுட்டு என்னையே பார்த்தாங்க. 'கையை நீட்டுங்க'ன்னு வெரல்ல சுருக்குனு குத்திட்டாங்க. மெஷின்ல வந்த நம்பரைப் பார்த்துட்டு, 'நாளையில இருந்து நீங்களும் நடக்கணும்'ங்கறாங்க.

நான் தெளிவாச் சொன்னேன். 'மேடம், இதுக்குள்ளயும் ஒரு சென்சார்தான் இருக்கும். அது பொய் சொல்லுது. ஒரு மயிரிழை திருப்பி வெச்சாச் சரியாயிரும், நம்ம குணசீலனை வரச் சொல்லட்டுமா?' அவங்க லேபுக்குச் சீட்டு எழுதிட்டாங்க. 'நடக்கறது முடியாதுங்க மேடம், வண்டி எங்கீன்னு கேப்பாங்க'ன்னேன். அப்ப இவ சட்டுனு செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டா. தோள் ரெண்டும் குலுங்குச்சு. அழுதாளோ சிரிச்சாளோ, எனக்குத் தெரியலை.

கூப்புடறாங்க. நாச்சிமுத்து நாந்தானுங்க. இருங்க தம்பி, ஒரு குத்துக் குத்திக்கிட்டு வந்தர்றேன். என்ற பையைக் கொஞ்சம் பார்த்துக்குங்க.

என்னுங்க தம்பி? ஏன் எல்லாரும் சுத்தி நிக்கறீங்க? நான் எதுக்குப் பெஞ்சில படுத்திருக்கறேன்? ரத்தம்னா எனக்கு ஆகாதுங்க, கொஞ்சம் தலை சுத்துச்சு, அவ்வளவுதான். தண்ணி போதும். மேல ஊத்தாதீங்க. ஆரு அது, கலாமணியா?

ஓடி வந்தாங்களா? ஆரு, இவளா? கம்பிக் கதவுல இருந்து இங்க வரைக்கும் ஓடி வந்தாளா? நீங்க பார்த்தீங்களா? மூச்சு வாங்குது பாருங்க அவளுக்கு. கால்ல ஒத்தைச் செருப்புத்தான் இருக்குது. இன்னொண்ணு எங்க உட்டா? அந்த வேகத்துக்கு எந்தச் செட்டிங்கும் கெடையாதுங்க தம்பி. குணசீலனால முடியாது.

என்ன அம்மிணி, கையை நீட்டறே? சாவியா? வண்டிச் சாவி உனக்கு எதுக்கு?

கேட்டீங்களா? பேசிட்டாளுங்க! 'நீங்க நடங்க, நான் பக்கத்துல வண்டியில வர்றேன்'ங்கறா. இல்லை அம்மிணி, அந்த வண்டி உன்ற கோவ நடைக்கு வெச்சது. அந்த வேகத்துல நான் எப்படி நடக்கறது? எனக்குத்தான் கோவமே வராதே.

'அதுக்கு நானாச்சு'ங்கறா, தம்பி.

காங்கேயம்? ... உங்க சக்கரை எறங்குனதுக்கு அப்பறம் போய்க்கறேங்கறா. சரி. எறங்கறதுக்கு நாள் ஆகும் அம்மிணி, மெதுவாத்தான் எறங்கும். இந்தா சாவி. கிளட்ச்சை மெதுவா உடணும். தெரியுமா? சரி, சரி, உங்கண்ணன் சொல்லிக் குடுத்திருப்பாரு. நான் ஒண்ணும் சொல்லலை.

அந்த லேப் புள்ளை என்ன கேக்குது? ரிசல்ட் வாங்க ஆரு வருவீங்கன்னு கேக்குது. சொல்லு அம்மிணி. இவரு உங்களுக்கு என்ன வேணும்னு உன்னைத்தான் கேக்குது.

பாருங்க, யோசிக்கறா. என்னை ஏற எறங்கப் பார்க்கறா. வேண்டாம் கலாமணி, இத்தனை பேரு இருக்கறாங்க...

'தெரிஞ்சவருதான்.'

கேட்டீங்களா? எல்லாரும் கேட்டீங்களா? லேப் புள்ளை எழுதிக்குது! இப்பத்தான் ஒத்தைச் செருப்போட ஓடி வந்தா, இப்பத் தெரிஞ்சவருங்கறா! பையைக் குடுங்க தம்பி. நான் போறனுங்க. நடந்தேதான் போறேன். கடைத்தெரு வழியாவே போறேன். இவ கூட ஒரு வார்த்தை பேச மாட்டேன். உடுங்க, ஆரும் புடிக்க வேண்டாம், நல்லாத்தான் நடக்கறேன்.

தம்பி, கொஞ்சம் எட்டிப் பாருங்க. ஸ்டார்ட் பண்ணிட்டாளா? சத்தமே கேக்கலீங்களே. பக்கத்துலயேவா வர்றா? குதிக்கலையே? ஒரு செருப்போடயா ஓட்டறா? அந்தக் கதவுகிட்டத்தான் இன்னொண்ணு கெடக்கும், நானே எடுத்துட்டுப் போறேன்.

போய்ட்டு வர்றனுங்க. வண்டி எங்கீங்கன்னு ஆராச்சும் கேக்கட்டும், கேட்டாங்கன்னா, பக்கத்துலயே தெரிஞ்சவங்க ஓட்டிட்டு வர்றாங்கன்னு சொல்லிக்கறேன்.